பருத்தி நூலும் ஒரு கைப்பிடிப் பஞ்சும்

மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு மார்பகத்தையோ இரண்டையுமோ முழுமையாக அகற்றிய பிறகு, அந்த இடத்தை ஆடைக்குள் நிரப்புவதற்காக அணியப்படும் பொருள் செயற்கை மார்பகம் எனப்படுகிறது. கடைகளில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை சிலிக்கோன் என்னும் கூழ் போன்ற பொருளால் ஆனவை; அவை பார்வைக்கும் தொடுதலுக்கும் இயற்கையை ஒட்டியிருந்தாலும் கனமானவை, வெயில் காலத்தில் தோலோடு ஒட்டி வியர்க்க வைப்பவை, பல ஆயிரம் ரூபாய் விலையுள்ளவை. இவற்றுக்கு மாற்றாக, மென்மையான பருத்தி நூலைக் கையால் பின்னி, உள்ளே இலேசான செயற்கை இழைப் பஞ்சை அடைத்துத் தன்னார்வலர்கள் இலவசமாக வழங்கும் பின்னல் மார்பகங்கள் ‘நிட்டெட் நாக்கர்ஸ்’ என்ற பெயரில் பல நாடுகளில் அறியப்படுகின்றன. மும்பையின் மாட்டுங்காவில் தமிழ்ப் பெண்கள் சிலர் ஒருவர் வீட்டில் கூடிச் செய்துவரும் இந்த வேலையை அருகிருந்து கவனித்ததன் பேரில் எழுதப்படுவது இக்கட்டுரை.

இப்பொருளுக்கான தேவை எங்கிருந்து வருகிறது என்பதை அறுவை சிகிச்சையின் வரலாறே விளக்கும். அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைநிறுத்திய முறையில், மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களும் சேர்த்தே அகற்றப்பட்டன. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் அதுவே உரிய சிகிச்சை என்று கருதப்பட்டது. பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் 1970களில் தொடங்கிய ஆய்வுகள், தொடக்க நிலையிலுள்ள கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளித்தாலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு குறைவதில்லை என்று காட்டிய பின்னரே மார்பகத்தைக் காப்பாற்றும் அறுவை சிகிச்சை பரவியது. இந்தியாவில் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருவோர் மிகுதி. கதிர்வீச்சு வசதி ஊருக்கு அருகில் இல்லாதோரும் பலர். ஆகவே முழு மார்பகத்தையும் நீக்குவது இங்கு இன்றும் பரவலாக நடக்கிறது. உலகப் புற்றுநோய்க் கணக்கீடான குளோபோகன், 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டோர் 1,78,000 பேருக்கு மேல் என்று மதிப்பிடுகிறது. அவர்கள் அனைவரும் மார்பகத்தை இழப்பதில்லை என்றாலும், இழப்போரின் தொகை சிறியதன்று.

செயற்கை மார்பகத்தைத் தொழிற்சாலைப் பொருளாக்கும் முயற்சி பழையது. அமெரிக்காவில் 1874ஆம் ஆண்டிலேயே மார்புத் திண்டு ஒன்றுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டிருக்கிறது. பார்பி பொம்மையை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லர் 1970இல் தமது மார்பகத்தை இழந்தார். கடைகளில் கிடைத்தவை எதுவும் பிடிக்காமற்போகவே, தாமே ஒரு நிறுவனம் தொடங்கிச் சிலிக்கோன் மார்பகங்களைத் தயாரித்தார். பின்னல் முறை இதற்கு நேர்மாறான திசையில், வீட்டுக் கூடத்திலிருந்து வந்தது. டொராண்டோவைச் சேர்ந்த பெரில் சாங் தமது அனுபவத்தையொட்டி உருவாக்கிய பின்னல் குறிப்பு 2005இல் ‘நிட்டி’ இதழில் வெளியாயிற்று. வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்காமைச் சேர்ந்த பார்பரா டெமரஸ்ட், 2011இல் அறுவை சிகிச்சைக்கு உள்ளாகி, தழும்பு ஆறும்வரை வழக்கமான செயற்கை மார்பகம் எதையும் அணியலாகாது என்று சொல்லப்பட்ட நிலையில் இதை அறிந்து, பின்னர் இதை ஓர் இயக்கமாகவே வளர்த்தார். இந்தியாவில் மும்பையைச் சேர்ந்த சாயிஷா இந்தியா அறக்கட்டளை இப்பணியை முன்னெடுத்து வருகிறது. பல ஊர்களிலிருந்தும் பெண்கள் அதற்குப் பின்னி அனுப்புகிறார்கள்.

பின்னலில் இருவகை உண்டு: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஊசிகளால் பின்னுவது ஒன்று, முனையில் கொக்கியுள்ள ஒற்றை ஊசியால் வளையத்துக்குள் வளையமாக இழுத்துக் கோப்பது மற்றொன்று. இரண்டாவதைத் தமிழ் வீடுகளில் குரோஷா என்பர். மாட்டுங்காப் பெண்களில் பெரும்பாலோர் கதவுத் தோரணமும் மேசைவிரிப்பும் போட்டுப் பழகியவர்களாதலால் அவர்கள் கையில் குரோஷா ஊசியே இருக்கிறது. வேலை நடுப்புள்ளியிலிருந்து தொடங்குகிறது. இழுத்தால் இறுகும் ஒரு வளையத்துக்குள் ஆறு கண்ணிகள் போடப்படுகின்றன. அடுத்த சுற்றில் அவை பன்னிரண்டாகவும் அதற்கடுத்த சுற்றில் பதினெட்டாகவும் பெருகுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் இப்படி ஆறாறாகக் கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பது தட்டையான வட்டம்; சில சுற்றுகளில் கூட்டாமல் விடும்போதுதான் பின்னல் மெல்லக் கிண்ணமாகக் குவிகிறது. எங்கே கூட்டுவது, எங்கே நிறுத்துவது என்ற இந்தக் கணக்கில்தான் வடிவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சுற்றின் தொடக்கம் தவறிப் போகாதிருக்க அந்தக் கண்ணியில் ஓர் ஊக்கைக் குத்தி வைத்துக்கொள்கிறார்கள். பேச்சின் நடுவே எண்ணிக்கை விட்டுப்போனால் பேச்சைத்தான் நிறுத்துகிறார்கள், தவறிய சுற்றை அப்படியே விட்டுவிடுவதில்லை.

தையல் விளிம்பு எதுவும் தோலில் படக்கூடாது என்பதே இந்தச் சுற்றுமுறைக்குக் காரணம். அறுவையின் தழும்பு நெடுங்காலம் கூச்சமுடையதாக இருக்கும். கதிர்வீச்சுப் பட்ட தோல் எளிதில் புண்ணாகும். கம்பளி நூல் அரிக்கும் என்பதாலும், மலிவாகக் கிடைக்கும் அக்ரிலிக் நூல் வியர்வையை உறிஞ்சாது என்பதாலும் மிருதுவான பருத்தி நூலையே இவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். கண்ணிகள் தளர்ந்தால் உள்ளிருக்கும் பஞ்சு வெளியே பிதுங்கும். இறுகினால் கிண்ணம் விறைத்துக்கொள்ளும். முன்பகுதி முடிந்ததும் தட்டையான பின்பகுதியைப் பின்னி, நடுவில் ஒரு சிறு வாயை விட்டு, அதைச் சுற்றி இழுத்துக் கட்டும் கயிற்றைக் கோக்கிறார்கள். அந்த வாய் இருப்பதால் அணிபவர் பஞ்சைத் தாமே கூட்டவோ குறைக்கவோ முடியும். துவைக்கும்போது எடுத்துவிடவும் முடியும். பஞ்சு அடைப்பதே கடைசி வேலை, புதியவர்கள் பெரிதும் தடுமாறுவதும் இதில்தான்: உருட்டித் திணித்தால் கட்டிகட்டியாக நிற்கும், ஆகவே கையால் பிய்த்து உதறிச் சிறுகச் சிறுகப் போட வேண்டும் என்று மூத்த மாமி ஒருவர் கல்லூரி மாணவிக்குச் சொல்லிக்கொடுத்ததோடு, அவள் அடைத்ததை முழுவதும் வெளியே எடுத்து மறுபடியும் அடைக்கச் செய்தார். பழகிய கைகள் ஓர் அமர்வில் ஒன்றை முடித்துவிடுகின்றன.

அளவு குறித்த சிக்கல் வேறுவகையானது. மேலைநாட்டுக் குறிப்புகள் உள்ளாடையின் ஏ, பி, சி, டி என்னும் கிண்ண அளவுகளை வைத்தே எழுதப்பட்டவை. தையற்காரரிடம் அளவு ரவிக்கையைக் கொடுத்தே பழகிய பெண்ணுக்குத் தன் கிண்ண அளவு தெரிந்திருப்பது அரிது, உள்ளாடையே அணியாமல் ரவிக்கையோடு வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரவிக்கையின் உட்புறம் மெல்லிய துணியில் ஒரு பை தைத்துக்கொள்ளும்படி இக்குழுவினர் சொல்லி அனுப்புகிறார்கள். இது அற்பமான செய்தியன்று. சேலையின் முந்தானை எவ்வளவு மறைத்தாலும், உடலோடு ஒட்டித் தைத்த ரவிக்கை ஒரு பக்கம் தொய்வதைக் காட்டிக்கொடுத்துவிடும்; அதற்கஞ்சிப் பழந்துணியைச் சுருட்டி வைத்துக்கொள்ளும் பெண் பேருந்தில் கையைத் தூக்கவே தயங்குகிறாள். பின்னல் மார்பகத்துக்கும் குறை உண்டு. எடையின்மையே அதன் பெருமை, அதுவே அதன் பலவீனமும்: பெரிய மார்பகமுடைய பெண்ணுக்கு இந்த இலேசான கிண்ணம் மேலேறிப் போய்விடும். உள்ளே சிறிது எடை சேர்ப்பதும் உள்ளாடையோடு பிணைப்பதும் உதவும் என்றாலும், அத்தகையோருக்குச் சிலிக்கோனே பொருத்தம் என்று ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

இதை அணியத்தான் வேண்டுமா என்ற கேள்வியையும் இங்கே தவிர்க்க இயலாது. அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் தமது புற்றுநோய்க் குறிப்புகளை 1980இல் நூலாக வெளியிட்டபோது, அறுவை சிகிச்சைக்குப் பின் ஆட்டுரோமம் அடைத்த திண்டு ஒன்று தம்மிடம் ஆறுதலாகக் கொண்டுவரப்பட்டதையும், அதை அணியாமல் மருத்துவரிடம் சென்றபோது கண்டிக்கப்பட்டதையும் எழுதினார். இழப்பை மறைக்கச் சொல்வது பெண்ணுக்காக அன்று, அவளைப் பார்ப்பவர்களின் நிம்மதிக்காகவே என்பது அவர் வாதம். அந்த வாதம் இன்றும் வலுவானது. எனினும் அது சாடுவது கட்டாயத்தை, பொருளையன்று. வாயைத் திறந்து பஞ்சின் அளவைத் தானே தீர்மானிக்கவும், வேண்டாத நாளில் கொடியில் காயப்போடவும் இடந்தரும் ஒரு பொருளைக் கட்டாயத்தின் கருவி என்று சொல்லிவிட முடியாது.

மாட்டுங்காக் குழுவில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியரும் பேரன் பேத்தி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் தாமே இந்நோயைக் கடந்து வந்தவர். தாம் பின்னியதை யார் அணிகிறார் என்பது இவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்புவதாகவும் காணப்படவில்லை. நூலும் பஞ்சும் பெரும்பாலும் சொந்தச் செலவு. இத்தகைய உழைப்பைச் சேவை என்று புகழ்வது எளிது, ஆனால் அந்தப் புகழ்ச்சி ஒரு குறைபாட்டை மூடிவிடுகிறது. மார்பகத்தை அகற்றும் மருத்துவமனை, அதன் பிறகு அப்பெண் எதை அணிந்து வீடு திரும்புவாள் என்பதைப் பல நேரம் யோசிப்பதே இல்லை. இப்படியொரு பொருள் இலவசமாகக் கிடைக்கும் என்ற தகவல் மருத்துவரிடமிருந்து வராமல், பக்கத்துப் படுக்கைக்காரியின் வாய்மொழியாகவே வந்து சேர்கிறது. பின்னுவோரை அறுவைப் பிரிவுகள் தேடிவந்து, நோயாளி வீடு திரும்புமுன்பே அளவு கேட்டு ஒரு சோடியைக் கையில் கொடுப்பது பெரிய செலவுள்ள காரியமன்று. குரோஷா தெரிந்த வாசகர்கள், நூல் வாங்கும் முன் ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்: அது பருத்தி நூலாக இருக்கட்டும்.