மருந்து வருவதற்கு முந்திய வாரம்

1998 கடைசியில் மலேசியாவில் நியாலாஸ் பக்கத் தோட்டங்களில் ரப்பருக்கு விலையே இல்லை. பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டணத்துக்குப் போகலாமென்றால், பொருளாதார நெருக்கடியில் அங்கே கட்டடங்களே பாதியில் நின்றன. அம்மாவின் தம்பியும் என் அண்ணனும் நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக்கில் இருந்த ஒரு பன்றிப் பண்ணைக்கு வேலைக்குப் போனார்கள். தவுக்கே, அதாவது பண்ணை முதலாளி, தங்க இடம் கொடுத்தார். சம்பளமும் தேதி தவறாமல் வந்தது. லயத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா "பேக்டரி வேலை" என்றே சொல்லிவைத்தார். மாரியம்மன் கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிற குடும்பம். மகன் பன்றிக் கொட்டகை கழுவுகிறான் என்று சொல்ல வாய் வரவில்லை.

அதற்கு முன்பே, செப்டம்பரிலிருந்து, ஈப்போ பக்கம் பண்ணை ஆட்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல், கொசுவால் வருவது என்றார்கள். புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பண்ணைக்காரர்கள் விற்ற பன்றிகளோடு நோயும் தெற்கே இறங்கியது. பொங்கலுக்கு வந்த மாமா, ஊசி போட்ட கையைத் தட்டிக் காட்டி, "இனி கொசு நம்மள ஒண்ணும் பண்ணாது" என்றார். அப்புறம், பன்றிகள் நாய் குரைக்கிற மாதிரி இருமுகின்றன, அடுத்த பண்ணை வரைக்கும் கேட்கிறது என்றும் சொன்னார். ஜப்பானியக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் பிடிக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த திடகாத்திரமான ஆண்கள். ஊசி போட்டவர்களும் தப்பவில்லை.

பிப்ரவரி கடைசியில் மாமாவுக்குக் காய்ச்சல், தலைவலி, பிறகு ஓயாத தூக்கம். ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கே வேலை என்று கேட்டதும் அம்மா "பேக்டரி" என்று ஆரம்பித்தார். அண்ணன் குறுக்கே விழுந்து, "பன்னிப் பண்ணை, டாக்டர்" என்றான். டாக்டர் சின்னச் சுத்தியலால் மாமாவின் முழங்காலில் தட்டினார். கால் ஆடவில்லை. மறுகாலிலும் தட்டினார், அதுவும் அசையவில்லை. ஆனால் தோளும் கழுத்தும் மட்டும் யாரோ உள்ளேயிருந்து சுண்டி இழுப்பதுபோல் விட்டுவிட்டுத் துடித்தன. கொடுக்க மருந்து எதுவும் இல்லை. மூச்சுக்கு இயந்திரம் வைத்தார்கள், காய்ச்சலுக்கு வைத்தியம் பார்த்தார்கள். மார்ச் முதல் வாரத்தில் மாமா போய்விட்டார்.

ஏறக்குறைய அதே நாட்களில்தான் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா என்ற கம்பத்து (கிராமத்து) நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து ஒரு கிருமியை வளர்த்தெடுத்தார். அது கொசுக் காய்ச்சல் கிருமி அல்ல. அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்ததில், ஆஸ்திரேலியாவில் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா வைரஸின் உறவு என்று தெரிந்தது. கம்பத்தின் பெயரே அதற்கு நிப்பா என்று நிலைத்தது. பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்த நோய். ராணுவம் இறங்கிப் பன்றிகளைச் சுட்டுக் குழியில் தள்ளியது. கடைசிக் கணக்கில் அழித்தவை பத்து லட்சத்துக்கு மேல். மலேசியாவில் நோய் கண்டவர்கள் 265 பேர், இறந்தவர்கள் 105 பேர்.

மாமாவின் காரியம் முடிந்த கொஞ்ச நாளில் அண்ணனுக்கும் அதே தலைவலி. லயத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீரை யாரும் தொடவில்லை. ஆனால் இந்த முறை ஆஸ்பத்திரியில் பேச்சு வேறாக இருந்தது. தமிழ் தெரிந்த ஓர் இளம் டாக்டர் அம்மாவை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்: "ரிபாவிரின்னு ஒரு மருந்து இருக்கு, அம்மா. வேற சில வைரஸுக்குக் கேட்டிருக்கு. இதுக்குக் கேட்குமான்னு எங்களுக்கே தெரியாது. ரத்தம் குறையலாம். வேணாம்னு சொன்னாலும் வைத்தியத்த நிறுத்த மாட்டோம்." அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கைநாட்டு வைத்தார். மருந்தைக் கரைத்து மூக்குக் குழாய் வழியே செலுத்தினார்கள். அண்ணன் பிழைத்தான். சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் திரும்பி வந்த நோய் அவனுக்கு வரவில்லை.

ரிபாவிரினைக் கொடுத்துப் பார்த்த அந்தச் சோதனையின் கணக்கு 2001-இல் மருத்துவ இதழில் வெளியானது. மருந்து வாங்கியவர்கள் 140 பேர், அவர்களில் இறந்தவர்கள் 45 பேர். ஒப்பிட வைத்தவர்கள் 54 பேர், இறந்தவர்கள் 29 பேர். மருந்து வாங்கியவர்களில் நூற்றுக்கு 32 பேர், மற்றவர்களில் நூற்றுக்கு 54 பேர். ஒப்பிட வைத்த அந்த 54 பேர் யார்? மருந்து வருவதற்கு முன்பே படுத்தவர்கள், அல்லது மருந்து வேண்டாம் என்றவர்கள். பெயரில்லாத கணக்குதான். ஆனாலும் மாமா எந்தப் பக்கம், அண்ணன் எந்தப் பக்கம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அம்மாவுக்கு இதில் சந்தேகமே இல்லை: மருந்துதான் மகனைக் காப்பாற்றியது. அண்ணனுக்கு உண்டு. "எனக்கு வந்தப்போ அவங்களுக்கு நோய் இன்னதுன்னு தெரிஞ்சிருச்சி. எப்பப் பார்க்கணும், எதப் பார்க்கணும்னு பழகிட்டாங்க. மாமாவுக்கு அது ஏது?" என்பான். இதே கேள்வியைத்தான் ஆய்வாளர்களும் கேட்டார்கள். பின்னாளில் ஹாம்ஸ்டர் எலிகளில் சோதித்தபோது ரிபாவிரின் நிப்பாவிலிருந்து அவற்றைக் காப்பாற்றவில்லை. 2018-இல் கேரளத்தில் கோழிக்கோட்டுப் பக்கம் நிப்பா வந்தபோதும், வேறு வழியில்லாமல் இதே ரிபாவிரினைத்தான் கையில் எடுத்தார்கள். இன்னொரு பக்கம், எம்102.4 என்ற எதிர்ப்புப் புரத மருந்து ஆஸ்திரேலியாவில் 40 ஆரோக்கியமானவர்களிடம் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியிருக்கிறது. நோயாளியைக் காப்பாற்றுமா என்பது வேறு சோதனை. நிப்பா பெரும்பாலும் சில பேரைப் பிடித்துவிட்டு மறைந்துவிடுவதால், அதற்கு ஆள் சேர்வதற்குள் நோய் ஓய்ந்துவிடுகிறது.

சந்தேகம் தீர ஒரே வழி, முதல் நாளிலிருந்தே சீட்டுப் போடுவது. லயத்தில் கூட்டுப் பணம் யாருக்கு என்று சீட்டு எடுப்பதைப் போல, யாருக்கு மருந்து, யாருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும் என்று குலுக்கி எடுக்க வேண்டும். 1999-இல் அண்ணனின் கட்டிலருகே யாராவது இதைச் சொல்லியிருந்தால் நான் அவர்களோடு சண்டைக்குப் போயிருப்பேன். இன்று அதே இடத்தில் நின்றாலும் மனம் பதறத்தான் செய்யும். ஆனால் சீட்டுப் போடாததால் மாமா பிழைத்துவிடவில்லை. அவருடைய சாவிலிருந்து அடுத்தவன் உறுதியாகக் கற்றுக்கொள்ள முடியாமல் போனதுதான் மிச்சம். சீட்டுப் போடலாமா என்று அண்ணனிடம் கேட்டேன், அவன் யோசிக்கவே இல்லை. "சீட்டு எடுக்கட்டும். ஆனா எடுக்கறதுக்கு முன்னால, அந்த டாக்டர் அம்மாவ உட்காரவச்சிச் சொன்ன மாதிரி சொல்லணும். தெரியாதத தெரியாதுன்னு சொல்லணும்."