ஹிவரே பஜாரின் வரவு செலவு

ராஹுரியிலிருந்து தெற்கே வரும் சாலையில் எங்கள் பேருந்து கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே வந்தது. மகாராஷ்டிரத்தில் ஆலைகள் அரவையில் இருக்கும் பருவம். ஆசியாவின் முதல் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை 1950 வாக்கில் ஓடத் தொடங்கியது இந்த அகமதுநகர் மாவட்டத்துப் பிரவராநகரில்தான். அகமதுநகரில் வண்டி மாறினேன். ஊரின் பெயர் இப்போது அகில்யாநகர். நடத்துநருக்கு எப்போதும்போல வெறும் ‘நகர்’. ஹிவரே பஜார் பக்கம் திரும்பியதும் கரும்பு கண்ணில் படவில்லை. கிராமசபை கூடி, கரும்பு நடக்கூடாது என்று முடிவெடுத்த ஊர் அது. வாழைக்கும் அதே தடை.

ஆண்டுக்குச் சுமார் 400 மி.மீ. மழை பெறும் மழைமறைவுப் பிரதேசம். 1972 பஞ்சத்துக்குப் பின் குன்றுகள் மொட்டையாகி, கிணறுகள் வறண்டு, ஊரில் பலர் பிழைப்புத் தேடி வெளியேறினார்கள். மிஞ்சியவர்களுக்குச் சாராயம். அரசு ஊழியர்களைத் தண்டனையாகத் தூக்கியடிக்கும் ஊர் என்ற பெயர் வேறு. 1989இல் எம்.காம். படித்த போபட்ராவ் பவார் ஊர்த்தலைவரானார். அதன்பின் சரிவுகளில் சமமட்ட அகழிகளும் ஓடைகளில் தடுப்பணைகளும் கசிவுநீர்க் குட்டைகளும் வந்தன. பணம் அரசுடையது, உழைப்பில் பெரும்பங்கு ஊராருடையது. இவற்றைப் பார்க்கத்தான் பல மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்தேன். ஆனால் தடுப்பணைக்கு ஓர் ஒப்பந்ததாரர் போதும், எங்கும் கட்டிவிடலாம். நான் பார்க்க விரும்பியது தண்ணீர்க் கணக்கை.

ஊரின் பரப்பு ஆயிரம் ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய ஒரு கோடி லிட்டர் என்று பள்ளிப்பிள்ளைகூடச் சொல்லிவிடலாம். அப்படியானால் 400 மி.மீ.க்கு 400 கோடி லிட்டர்! கேட்கப் பெரிய சொத்துதான். வெயில் எடுத்துக்கொண்டது, ஓடையில் ஓடிப்போனது, மண் குடித்தது எல்லாம் போகக் கிணற்றுக்கு வந்து சேர்வது கொஞ்சம். பருவமழை முடிந்ததும் மழைமானியின் அளவையும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் வைத்துக்கொண்டு கிராமசபை கூடுகிறது. முதலில் மனிதருக்கும் மாட்டுக்கும் குடிநீர். மீதியைப் பார்த்துத்தான் அடுத்த பயிர். நல்ல மழை என்றால் வெங்காயம், கோதுமை, காய்கறி. பொய்த்தால் சோளம், கொண்டைக்கடலை.

ஒரு மாதம் பெய்ய வேண்டியது இரண்டே மாலைகளில் கொட்டிவிட்டு, பிறகு வாரக்கணக்கில் மேகமே எட்டிப்பார்க்காத காலம் இது. வானிலை அறிக்கையை நம்பி விதை வாங்குகிறவன் பாடு திண்டாட்டம்தான். இந்த ஊர், மண்ணுக்குள் இறங்கியதை அளந்து பார்த்துவிட்டு அதற்குள் அடங்கும் பயிரை வைக்கிறது. பருவநிலை மாற்றம் பற்றிய மாநாடுகளில் இவ்வளவு எளிய யோசனை எடுபடுமா என்பது சந்தேகம்.

மதியம் ஒரு விவசாயியின் வீட்டில் சோள பாக்ரி ரொட்டியும் கடலைமாவுப் பிட்லாவும் கிடைத்தன. என் அரைகுறை இந்தியில் அவரைக் ‘காகா’ (சித்தப்பா) என்றே கூப்பிட்டேன்.

“உங்க ஊர்ல போர் எத்தனை அடி போடுறாங்க?”

“கோயம்புத்தூர்ப் பக்கம் ஆயிரத்தைத் தாண்டிடும், காகா.”

“அவ்வளவு கீழே இருக்கிறது யாரோட தண்ணி?”

எனக்குப் பதில் வரவில்லை. தக்காணத்தின் கரும்பாறையில் மேலே உதிர்ந்துபோன அடுக்கும் சில வெடிப்புகளும்தான் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஒருவன் ஆழமாகத் துளைத்தால் பக்கத்துக்காரன் கிணறு இறங்கிவிடும். அதனால் பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறே கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு.

கட்டுப்பாடுகள் இங்கே நிறையத்தான். திருமணத்துக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனை, வெளியாருக்கு நிலம் விற்கக்கூடாது என்பவை வரை நீள்கின்றன. எனக்கு இடறியது மேய்ச்சல் தடை. குன்றில் புல்லை அரிவாளால் அறுத்து எடுத்துப்போகலாம், ஆடுமாட்டை அவிழ்த்துவிடக்கூடாது. மரங்கள் தழைத்ததற்கு இந்தத் தடை ஒரு முக்கியக் காரணம், மறுக்கவில்லை. ஆனால் நிலமுள்ளவனுக்குக் கட்டுத்தறி மாடு கட்டுப்படியாகும். நாலு ஆடே சொத்தாக இருந்தவன் என்ன செய்திருப்பான்? பாராட்டுக் கட்டுரைகளில் இந்தக் கேள்வியை நான் அதிகம் பார்த்ததில்லை.

சாப்பிட்டபின் காகா வயலுக்குக் கூட்டிப்போனார். கொண்டைக்கடலை பூத்திருந்தது. அந்த ஆண்டு மழை குறைவு. சந்தையில் வெங்காயத்துக்கு நல்ல விலை என்று குறைப்பட்டுக்கொண்டே வந்தார்.

“சபையில சொல்லிப் பார்க்கலையா?”

“சொன்னேனே! அரை மணி நேரம் சண்டை போட்டேன்.”

“அப்புறம்?”

“கிணத்து அளவைப் படிச்சுக் காட்டினாங்க. அதுல என் கிணறும் இருந்துச்சு. மறுநாள் கடலை விதை வாங்கப் போனேன்.”