15-ம் தேதி, காலை 7 மணி!

தட்கல் டிக்கெட் போட்ட அனுபவம் இருக்கா? கம்ப்யூட்டர் முன்னாடி தவம் கிடந்து, கேப்ட்சா அடித்து, பணம் கட்டப் போகிற நேரத்தில் 'வெயிட்டிங் லிஸ்ட்' என்று காட்டுமே... அந்த வயிற்றெரிச்சல் நம்ம ஊருக்கு மட்டுமே சொந்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அமெரிக்கக் காட்டில் ஒரு ராத்திரி டென்ட் போட இடம் தேடும் வரைக்கும்!

கலிஃபோர்னியாவில் நாங்கள் நாலு பேர் ஒரே வீட்டில். மதுரை, நெல்லை, தஞ்சாவூர், அப்புறம் சேலத்துக்காரன் நான். 2024 மே மாதம் எம்.எஸ். முடிந்ததும் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போவது என்று முதல் செமஸ்டரிலேயே சபதம். காரணம், தஞ்சாவூர்க்காரன். ஊரில் அவன் காலேஜ் லேபில் ஒரு பழைய ஆப்பிள் கம்ப்யூட்டர். திரையில் எல் கேபிடன் பாறை. 2014, 2015-ல் ஆப்பிள் தன் மென்பொருட்களுக்கு வைத்த பெயர்களே யோசெமிட்டி, எல் கேபிடன்தானே! சுமார் 3,000 அடி உயரத்துக்கு ஒரே செங்குத்துச் சுவர். "பகல்ல பார்த்துட்டு ஓடி வர்றதெல்லாம் வேணாம் மச்சி. ராத்திரி அந்தப் பாறையில ஏறுறவங்க லைட் நட்சத்திரம் மாதிரி தெரியுமாம். அதைப் பார்க்கணும்" என்பான்.

ராத்திரி தங்கணும் என்றால் ஹோட்டலுக்கு மாணவர் பட்ஜெட் தாங்காது. கேம்ப்சைட்தான். அப்பர் பைன்ஸ் முகாமில் ஒரு இடத்துக்கு ஒரு ராத்திரி 36 டாலர். ஆறு பேர் வரை தங்கலாம். நாலு பேர் என்றால் தலைக்கு 9 டாலர். செம சீப்! அதனால்தான் அவ்வளவு போட்டி. வருஷத்துக்குச் சுமார் 40 லட்சம் பேர் வருகிற பூங்காவில், அப்பர் பைன்ஸில் இருப்பது இருநூற்றுச் சொச்சம் இடங்கள்.

கணக்கு இப்படி. ஒவ்வொரு மாதமும் 15-ம் தேதி காலை 7 மணிக்கு, நாலு மாதம் கழித்துத் தொடங்கும் ஒரு மாதத்துக்கான இடங்களை ஆன்லைனில் திறப்பார்கள். ஜனவரி 15-ல் திறந்தால், மே 15 முதல் ஜூன் 14 வரை. நாங்களும் சும்மா இல்லை. நாலு லேப்டாப், நாலு அக்கவுன்ட். முதல் நாளே லாகின் பண்ணிப் பார்த்து, ஆளுக்கு ஒரு சைட் நம்பரைப் பிரித்துக்கொண்டோம். 7 மணி அடித்தது. க்ளிக்! அவ்வளவுதான். காபி ஆறுவதற்குள் எல்லாம் காலி. பிப்ரவரி 15-லும் அதே கதை.

மே வந்தது. பட்டமும் வந்தது. எங்கள் மூணு பேருக்கும் வேலை கிடைத்தது. தஞ்சாவூர்க்காரனுக்கு மட்டும் கிடைக்கவில்லை. படிப்பு முடித்து வேலை பார்க்கக் கொடுக்கிற அனுமதியில் மொத்தம் 90 நாள்தான் வேலையில்லாமல் இருக்கலாம். அவன் ஆகஸ்ட் கடைசியில் சென்னைக்கு டிக்கெட் போட்டுவிட்டான். வீட்டில் யோசெமிட்டி பேச்சே நின்றுபோனது. அவனும் கேட்கவில்லை. நாங்களும் பேசவில்லை. எந்த முகத்தோடு பேசுவது?

ஒருநாள் ராத்திரி 2 மணி. தண்ணீர் குடிக்க எழுந்தால், இருட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறான்.

"என்னடா, வேலை தேடுறியா?"

"இல்லடா... அப்பர் பைன்ஸ். யாரோ கேன்சல் பண்ணியிருக்காங்க. செவ்வாய்க்கிழமை, ஒரே ஒரு ராத்திரி. போடட்டுமா?"

"கேள்வி வேற கேக்கறியா? போடு!"

தினமும் ராத்திரி இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தானாம். தேதி நெருங்க நெருங்க ஆட்கள் கேன்சல் செய்வார்கள், அந்த இடம் திரும்பப் பட்டியலுக்கு வரும். வார நாள் என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம்.

காலையில் பஞ்சாயத்து. "புது வேலைடா, ஒரு மாசம்கூட ஆகல. எப்படி லீவு கேக்கறது?" என்று நெல்லை முனகினான். டிக்கெட் யார் பேரில் இருக்கோ, அவர் ஐடி கார்டோடு நேரில் வரணும் என்பது விதி. அதனால் தஞ்சாவூர்க்காரன் போயே ஆகணும். அவனுக்கோ கார் ஓட்டத் தெரியாது! நெல்லை பயந்துகொண்டே மேனேஜரிடம் போனான். அவர் கேட்டது ஒரே கேள்விதானாம்: "கேம்ப்சைட் நிஜமாவே கிடைச்சுதா? அப்போ உடனே கிளம்பு!"

நாலு மணி நேர டிரைவ். வாசலில் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே போனால், பைன் மரங்களுக்கு நடுவே ஒரு மேஜை, தீ மூட்ட ஒரு இரும்பு வளையம், கரடி திறக்க முடியாத ஓர் இரும்புப் பெட்டி. வாசனை வருகிற எதுவும் வெளியே இருக்கக் கூடாது. பேஸ்ட், சோப்பு, அம்மா அனுப்பிய இட்லிப் பொடி, எங்கள் புளியோதரை எல்லாமே பெட்டிக்குள் பத்திரமாகப் பூட்டப்பட்டன. 2,425 அடி யோசெமிட்டி அருவியைப் பார்க்க ஓடினோம். ஆகஸ்ட் மாசம்! சொட்டுத் தண்ணீர் இல்லை. வெறும் பாறை.

ராத்திரி எல் கேபிடன் புல்வெளிக்குப் போனோம். கும்மிருட்டு. கொஞ்ச நேரத்தில் கறுப்புச் சுவரில் ஒரு புள்ளி வெளிச்சம். அப்புறம் இன்னொன்று. ஆறு வரை எண்ணினோம். கயிற்றில் தொங்கியபடியே அங்கே தூங்குகிறார்களாம்.

"அங்கே தூங்கவும் பர்மிட் வாங்கணும், தெரியுமா?" என்றான் தஞ்சாவூர்க்காரன். எல்லோரும் சிரித்தோம். அதற்கப்புறம் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

இப்போது அவன் சென்னையில் வேலை பார்க்கிறான். 2025 ஜனவரி 15, காலை 6.50-க்கு எனக்கு போன். "டேய், இங்கே ராத்திரி 8.20. லேப்டாப் ரெடி. உங்களுக்கு நான் சைட் போடறேன்."

"லூசு, உன் பேர்ல போட்டா நீ நேர்ல வரணுமேடா!"

"அதனாலதான்டா போடறேன்" என்றான்.

அன்றைக்கும் கிடைக்கவில்லை. பிப்ரவரி 15-க்கு அலாரம் வைத்தோம்.