தந்தைக்குக் கூற்று இல்லை

ஜூலியன் பார்ன்ஸின் 'டாக்கிங் இட் ஓவர்' 1991இல் வெளிவந்த நாவல். மறு ஆண்டு பிரான்சில் அயல்நாட்டு நாவலுக்கான ஃபெமினா பரிசைப் பெற்றது. கதையை மட்டும் சொன்னால் நம்முடைய பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போல இருக்கும். ஸ்டூவர்ட்டும் ஆலிவரும் பள்ளிக்கால நண்பர்கள். ஸ்டூவர்ட் வங்கியில் வேலை பார்ப்பவன், கூச்சசுபாவி, கணக்கில் சரியானவன். ஆலிவர் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பவன், வாய்ச்சாலகன், பையில் காசு தங்காதவன். ஸ்டூவர்ட் ஜில்லியனை மணக்கிறான். திருமண நாளன்றே ஆலிவர் மணப்பெண்ணின்மீது காதல் கொள்கிறான். மீதி முழுவதும் அதன் விளைவு.

நாவலின் சுவை சொல்முறையில் இருக்கிறது. மூவரும் மாறி மாறி நம்மைப் பார்த்தே பேசுகிறார்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுக்கிறார். மறுத்தவர் மறைத்ததை மூன்றாமவர் போகிறபோக்கில் உடைத்துவிடுகிறார். இடையிடையே ஜில்லியனின் பிரெஞ்சுத் தாய் மேடம் வையட் உள்ளிட்ட சிலரும் வந்து சாட்சி சொல்லிப் போகிறார்கள். ஆசிரியர் எங்குமே தலைகாட்டுவதில்லை. எல்லோர் பேச்சையும் கேட்டவர் வாசகர் ஒருவர்தான்; ஆகவே தீர்ப்புச் சொல்லும் பொறுப்பும் அவர் தலையில்தான் விழுகிறது.

இந்த நாவலைக் கடந்த ஆண்டு சூளகிரியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வாசித்தோம். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் கொத்துமல்லியும் புதினாவும் மூட்டை மூட்டையாக லாரி ஏறும் சந்தை. இன்னொரு பக்கம் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் தொழிற்சாலைப் பேருந்துகள். ஒரே தெருவில் நடக்கும் ஒரே சண்டையைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று மொழிகளில் கேட்கலாம். பல கதைசொல்லிகள் என்ற உத்தியை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எங்களில் இருவரே ஆங்கிலத்தில் முழுதாகப் படித்தவர்கள். மற்றவர்களுக்கு அத்தியாயம் அத்தியாயமாக நான் தமிழில் சொல்லிவந்தேன். இரண்டாம் வாரமே ஒரு நண்பர் குறுக்கிட்டார்: "நீங்க சொல்லும்போது எல்லாருமே உங்களை மாதிரியே பேசறாங்க சார்." அவர் சொன்னது நியாயம். அதன்பிறகு ஆளுக்கொரு குரலை எடுத்துக்கொண்டோம்.

அப்போதுதான் கட்சிகள் பிரிந்தன. தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கும் நண்பர் ஸ்டூவர்ட்டின் பக்கம். ஆலிவருக்குக் கடன் கொடுத்தவனே ஸ்டூவர்ட்தானே என்பது அவர் வாதம். கடன் கொடுத்தவனையே ஏமாற்றுகிறவனுக்கு எத்தனை சொல்வளம் இருந்து என்ன பயன்? பள்ளி ஆசிரியரான நண்பருக்கோ ஆலிவரின் பேச்சில் மயக்கம். மொழியை இவ்வளவு நேசிக்கிறவன் முழுப் பொய்யனாக இருக்க முடியாது என்றார். சந்தையில் மண்டிக் கணக்கு எழுதும் நண்பர் எந்தப் பக்கமும் சேரவில்லை. விவசாயி ஒரு கணக்கு சொல்வார், தரகர் ஒரு கணக்கு சொல்வார், லாரிக்காரர் இன்னொரு கணக்கு சொல்வார். மூன்றுமே மனதறிந்த பொய்யில்லை, ஆனால் கூட்டினால் மட்டும் சரிவராது என்பது அவர் அனுபவம். இந்த நாவலுக்கு நான் கேட்ட விமர்சனங்களில் ஆகச் சிறந்தது இதுதான்.

குழுவில் இருந்த ஒரே பெண், ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் பணிபுரிபவர். அவர் ஜில்லியனை எடுத்துக்கொண்டார். ஜில்லியன் பழைய ஓவியங்களின் அழுக்கை நீக்கிச் சீர்செய்பவள். அழுக்கை எவ்வளவு தூரம் எடுப்பது, எங்கே கையை நிறுத்துவது என்பதே அந்த வேலையின் சங்கடம். "இவ மத்த ரெண்டு பேரை மாதிரி வாதாடலை சார், வேலை பாக்கற மாதிரி பேசறா" என்று அவர் சொன்னபோது, நான் இரண்டு முறை படித்தும் கவனிக்காத ஒரு தொனி எனக்குக் கேட்டது.

நாவலில் வால் என்றொரு பெண் ஓர் இடத்தில் வந்து பேசுகிறாள். ஆலிவருக்கு ஸ்டூவர்ட்டின்மீதுதான் காதல் என்று குண்டைத் தூக்கிப் போடுகிறாள். ஜென்ம விரோதிகளாக நின்ற நண்பர்கள் இருவரும் அந்த ஒரு கணம் கைகோத்து, அவள் வாயைக் கட்டி நாவலைவிட்டே வெளியேற்றிவிடுகிறார்கள். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சகோதரி மட்டும் சிரிக்கவில்லை. சற்றுப் பொறுத்து, "இந்தக் கதையில அப்பா, அண்ணன் யாருமே பேசலையே சார்?" என்று கேட்டார்.

உண்மைதான். ஜில்லியன் சிறுமியாக இருந்தபோதே அவள் தந்தை குடும்பத்தைவிட்டுப் போய்விட்டவர். ஊர் என்று ஒன்றும் நாவலில் இல்லை. மணமுறிவு, மறுமணம், துரோகம் எல்லாம் மூன்று பேருக்குள் நடந்து முடிகின்றன. அதனால்தான் அது நகைச்சுவையாக இருக்க முடிகிறது.

அந்தக் கேள்விக்குப் பின் யாரும் சிறிதுநேரம் பேசவில்லை. 2018 நவம்பரில், சூளகிரிப் பக்கத்து ஊரொன்றைச் சேர்ந்த, சாதி மாறி மணந்துகொண்ட இளம் தம்பதியர் கொல்லப்பட்டார்கள். உடல்கள் கர்நாடகத்தில் காவிரியில் கிடைத்தன. பெண்ணின் தந்தையும் உறவினர்களும் கைதானார்கள். மணமாகி மூன்று மாதங்கள்தாம் ஆகியிருந்தன. 2023 மார்ச்சில் கிருஷ்ணகிரி அணைக்கருகே பட்டப்பகலில் இன்னோர் இளைஞர் கொல்லப்பட்டார். அதிலும் கைதானவர் மனைவியின் தந்தை. இந்த ஊரில் அமர்ந்து காதல் நகைச்சுவை வாசிக்கும்போது, பேசாத ஒரு பாத்திரம் எப்போதும் அறையில் உட்கார்ந்திருக்கிறது.

அன்றிரவு தொல்காப்பியத்தின் செய்யுளியலைப் புரட்டினேன். நம் அகப்பாடல்களும் பல கதைசொல்லிகளின் காதல்கதைதான். யார் யார் பேசலாம் என்பதற்கு அங்கே ஒரு பட்டியலே உண்டு. களவில் பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி என்று அறுவர். கற்பில் பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் என மேலும் அறுவர். அதையடுத்து வரும் நூற்பாதான் என்னை நிறுத்தியது. ஊர், அயலார், சேரியோர், தந்தை, தமையன் ஆகியோருக்கு நேரடிக் கூற்று கிடையாது. அவர்கள் சொன்னதைப் பிறர் எடுத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். எத்தனையோ ஆண்டுகளாக இதை இலக்கண விதி என்று மட்டுமே படித்துக் கடந்திருக்கிறோம்.

அந்த விதி தரும் சுதந்திரத்தைக் கலித்தொகையில் பார்க்கலாம். குறிஞ்சிக்கலியில், தண்ணீர் கேட்டு வீட்டுக்கு வந்தவன் அவள் கையைப் பிடித்துவிடுகிறான். அவள் அலற, தாய் ஓடிவர, அவனுக்கு நீர் விக்கிக்கொண்டது என்று அவள் பொய் சொல்கிறாள். தாயும் நம்பி அவன் முதுகை நீவிவிடுகிறாள். இத்தனையையும் தலைவியே தோழியிடம் சொல்கிறாள். தாயின் பேச்சும் அவள் வாய்வழியாகவே வருகிறது. அலறலைச் சிரிப்பாக மாற்றும் அதிகாரம் சொல்பவளின் கையில் இருக்கிறது. அதே காட்சியைத் தமையன் சொல்லியிருந்தால் எங்கே போய் முடிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வாரம் இதைச் சொன்னபோது சூப்பர்வைசர் நண்பர் ஒப்பவில்லை. "புத்தகத்துல நாம பேச விடலைன்னா வெளியில அவங்க சும்மா இருந்துடுவாங்களா?" என்றார். இருக்கமாட்டார்கள்தான். கொலைசெய்பவனின் மனத்துக்குள்ளும் இலக்கியம் போயாக வேண்டும் என்ற அவர் எண்ணத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். அது வேறொரு நாவலின் வேலை. அதற்கு அந்தச் சகோதரி சொன்ன பதில் எளிமையானது: "ஊர்ல அவங்க மட்டும்தானே பேசறாங்க. புத்தகத்துலயாவது கொஞ்சநேரம் மத்தவங்க பேசட்டுமே."

வாலின் வாயை அடைப்பதற்கும் தந்தைக்குக் கூற்று மறுப்பதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு அப்போதுதான் தெளிவாயிற்று. பேச இடமே இல்லாதவளை வலிமையுள்ள இருவர் சேர்ந்து அடக்குவது முன்னது. வீட்டிலும் ஊரிலும் வேறு குரலே எழ விடாதவரை, ஒரு பாடலின் அளவுக்கேனும் கேட்பவராக உட்காரவைப்பது பின்னது. அவர் சொல் அழிக்கப்படுவதில்லை. மகளின் சொல்லுக்குள் ஒதுங்கிக்கொள்கிறது. காதலை நகைச்சுவையாக எழுதுவது வாழ்க்கையின் கொடுமையை மறப்பதற்காக என்ற குற்றச்சாட்டு அடிக்கடி எழுகிறது. இந்த ஒரு விதியை வைத்துப் பார்த்தால், அது கொடுமைக்கு எதிராக ஒருவர் நின்றுகொள்ளும் இடமாகத் தெரிகிறது.

பார்ன்ஸ் 2000இல் இதன் தொடர்ச்சியாக 'லவ், எட்செட்ரா' எழுதினார். அதில் குரல்கள் கூடுகின்றன, சிரிப்பு குறைகிறது. அதை இப்போது வாசித்து வருகிறோம். ஆனால் எங்கள் பேச்சு ஒவ்வொரு முறையும் எழுதப்படாத இன்னொரு நாவலிலேயே போய் நிற்கிறது: மூன்று மொழி பேசும் இந்த எல்லைப்புறத்தில் நடக்கும், எல்லோரும் உயிரோடு முடிவுக்கு வந்துசேரும் ஒரு காதல் நகைச்சுவை. அதை எழுதப்போகிறவர் முதல் வரிக்கு முன்பாகத் தீர்மானிக்க வேண்டியது, யாருக்கெல்லாம் கூற்று உண்டு என்ற பட்டியலைத்தான்.