கைக்குப் பொருந்தாத துப்பாக்கி



இந்த வாரம் எழுதப்போகும் காரியம் உங்களில் சிலருக்கு அதிர்ச்சியாக இருக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக உங்கள் போதகரின் படுக்கையறை அலமாரியில், ஒரு சிறிய இரும்புப் பெட்டகத்துக்குள், ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. மூப்பர்கள் அறிவார்கள். மற்றவர்களுக்கு நான் சொல்லவில்லை; மறைத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை விற்பதா, வேண்டாமா என்று ஏறக்குறைய ஒரு வருடம் தடுமாறினேன்.

நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவன். சிறுவயதில் நான் அருகில் நின்று பார்த்த ஒரே துப்பாக்கி, வங்கி வாசலில் முக்காலியில் உட்கார்ந்திருந்த காவலாளியின் மடியில் கிடந்த இரட்டைக் குழல் துப்பாக்கிதான். அது சுடுமா என்பதே எங்களுக்குச் சந்தேகம். இப்படிப்பட்டவன் கையில் ஆயுதம் வந்தது 2019 டிசம்பர் 29-க்குப் பிறகு. அந்த ஞாயிறு காலை, இங்கே டாலஸிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், ஒயிட் செட்டில்மென்ட் என்னும் ஊரின் ஆலயத்தில் திருவிருந்து நடந்துகொண்டிருந்தபோது ஒருவன் எழுந்து இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றான். அந்தச் சபையின் தன்னார்வப் பாதுகாவலர் ஒருவர் சில விநாடிகளிலேயே அவனைச் சுட்டு வீழ்த்தினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2017 நவம்பர் 5 அன்று, சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் ஆலயத்தில் 26 பேர் கொல்லப்பட்டதையும் நாம் மறந்திருக்கவில்லை. தடை அறிவிப்பு வைக்காத ஆலயங்களுக்குள் உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கியுடன் வரலாம் என்பதை 2019 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து டெக்சாஸ் சட்டமும் தெளிவாக்கியிருந்தது.

நம்முடைய மூப்பர்கள் கூடினார்கள். இரண்டு பேர் பயிற்சி பெற்று வாசலில் நிற்பது என்று முடிவாயிற்று. கூட்டம் முடிந்தபின் மூத்த அண்ணன் ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஓர் உறையைக் கையில் வைத்தார். "பாஸ்டர், பிரசங்கபீடத்தில் நிற்பவரைத்தான் முதலில் குறிவைப்பார்கள். உங்களுக்கென்று ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. அன்பினால் கொடுத்த பரிசை மறுக்க எனக்குத் தைரியமில்லை. அடுத்த வாரமே கடைக்குப் போய், படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடித்து, என் பெயரில் வாங்கினேன். ஏறக்குறைய 400 டாலர். 9 மி.மீ. தோட்டா, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. சிறியதாக இருந்தால் பயம் குறைவாக இருக்கும் என்று நினைத்துத் தேர்ந்தெடுத்தேன்.

அது பெரிய தவறு என்று பயிற்சிக்கூடத்தில் தெரிந்தது. துப்பாக்கி எடை குறையக் குறைய அதன் உதை கைக்கு அதிகமாகத் தெரியும். ஒவ்வொரு முறை சுடும்போதும் அது என் கையில் ஒரு மீனைப்போலத் துள்ளியது. பிடி குட்டையாக இருந்ததால் சுண்டுவிரல் நிற்க இடமில்லாமல் காற்றில் தொங்கியது. மேற்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துத் தோட்டாவை ஏற்றுவதற்குள், மூட்டுவலியுள்ள என் விரல்கள் கெஞ்சும். உதை வரப்போகிறது என்று கை முன்கூட்டியே அஞ்சி அமுக்கிவிடும்; குண்டுகள் எல்லாம் குறிக்குக் கீழே, இடப்பக்கம் போய்க் குவியும். உரிமத் தேர்வில் 3, 7, 15 கஜத் தொலைவுகளிலிருந்து 50 முறை சுடவேண்டும். 250 புள்ளிகளில் 175 எடுக்கவேண்டும். முதல் முறை தோற்றேன். இரண்டாம் முறை தப்பித் தேறினேன். பயிற்றுநர் நல்ல மனிதர், ஒளித்துப் பேசத் தெரியாதவர். "ஐயா, இது உங்கள் கைக்கானது அல்ல. விற்றுவிட்டு, இதைவிடப் பெரியதாக, கனமானதாக ஒன்று வாங்குங்கள்" என்றார்.

எனக்கு உடனே 1 சாமுவேல் 17 நினைவுக்கு வந்தது. சவுலின் கவசத்தையும் பட்டயத்தையும் தரித்து நடந்து பார்த்த தாவீது, இவற்றில் தனக்குப் பயிற்சி இல்லை என்று சொல்லிக் களைந்துபோட்டான் அல்லவா? எபிரெய மூலத்தில் அங்கே வருவது "சோதித்துப் பார்த்தல்" என்னும் வினைச்சொல். தேவன் ஆபிரகாமைச் சோதித்தார் என்ற இடத்தில் வருவதும் அதுவே. சோதித்தறியாத ஆயுதத்தை நம்பி ஒருவன் போருக்குப் போகக்கூடாது. ஆகவே எனக்குப் பொருந்தாததை விற்பதே வேதத்துக்கு ஏற்றது என்று நானே எனக்குப் பிரசங்கம் செய்துகொண்டேன்.

பிரசங்கிகளுக்கு உள்ள ஆபத்து இதுதான். வசனம் மிகவும் எளிதாகக் கையில் வந்துவிடும். சில வாரங்கள் கழித்து அந்த அதிகாரத்தை மறுபடியும் நிதானமாக வாசித்தேன். தாவீது கவசத்தைக் களைந்தானே தவிர, வெறுங்கையாய்ப் போகவில்லை; தனக்குப் பழகிய கவணை எடுத்துக்கொண்டு போனான். கோலியாத்தின் தலையைக் கோலியாத்தின் பட்டயத்தாலேயே வெட்டினான். நான்கு அதிகாரம் தள்ளி, நோபிலே ஆசாரியனிடம் அதே பட்டயத்தைக் கேட்டு வாங்கி, அதற்கு நிகர் வேறில்லை என்றும் சொல்லுகிறான். ஆகவே அந்தப் பகுதி என் கேள்விக்குப் பாதிப் பதில்தான். கைக்குப் பொருந்துகிறதா என்பது ஒரு கேள்வி. இதை நான் வைத்திருக்கலாமா என்பது வேறொரு கேள்வி. முதலாவதைச் சத்தமாகக் கேட்டு, இரண்டாவதை வாயடைத்து வைத்திருந்தேன். மூன்றாவது கேள்வி ஒன்று இருந்தது. அதை எழுப்பியவள் என் மனைவி. "விற்பதென்றால் விற்றுவிடுங்கள். யாருக்கு?"

அதுவரை விலையைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் தருவதாகச் சொன்னது நான் கொடுத்ததில் பாதிகூட இல்லை. தனி ஆளுக்கு விற்றால் 300 கிடைக்கும். டெக்சாஸில் அது மிகவும் எளிது. ஒரே மாநிலத்தில் குடியிருக்கும் இரண்டு தனி நபர்களுக்கிடையே விற்பனை நடந்தால் பின்னணிச் சோதனை வேண்டியதில்லை. வாங்குகிறவர் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ விற்கக்கூடாது, அவ்வளவுதான். சைக்கிள் விற்பதுபோல் வாகன நிறுத்துமிடத்தில் கைமாற்றிவிடலாம்.

இங்கே நம் சபையாருக்கு ஒன்று சொல்லவேண்டும். பலர் அறியாமல் இருக்கிறீர்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் பெற்றிருப்பது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. கிரீன் கார்டு உள்ளவர்கள் வைத்திருக்கலாம். நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பதும் குற்றம். மாநிலத்தின் சட்டம் தளர்வாயிருப்பதைப் பார்த்து இதில் ஏமாந்துவிடாதீர்கள்.

அந்த நாட்களில்தான் ஒரு தம்பி என்னிடம் வந்தான். அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன். இப்போது வேறு மாநிலத்தில் இருக்கிறான். 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கணினி நிறுவனங்கள் கூட்டங்கூட்டமாக ஆட்களை நீக்கியபோது அவனுக்கும் வேலை போயிற்று. விசாவின்படி அதிகபட்சம் 60 நாட்களுக்குள் வேறு வேலை தேடவேண்டும். இல்லையேல் நாட்டைவிட்டுப் புறப்படவேண்டும். மனைவியும் குழந்தையும் பிரசவத்திற்காக ஏற்கெனவே ஊருக்குப் போயிருந்தார்கள். நான் துப்பாக்கியை விற்கப்போகிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்திருக்கிறது ஐயா, பாதுகாப்புக்கு எனக்குக் கொடுங்கள்" என்றான். விசாவைச் சொல்லி மறுத்தேன். மறு வாரம் மறுபடியும் கேட்டான். மூன்றாம் முறை வீட்டுக்கே வந்தான். தோட்டாவும் சேர்த்துக் கிடைக்குமா என்று கேட்டான். சட்டத்தை மறுபடியும் விளக்கி, காப்பி கொடுத்து, ஜெபித்து அனுப்பிவிட்டேன். சரியாகச் செய்தேன் என்ற திருப்தி வேறு.

கோப்பைகளைக் கழுவிக்கொண்டே மனைவி சொன்னாள்: "மூன்று தடவை வந்தான். ஒரு தடவைகூட விலை கேட்கவில்லையே."

எனக்குக் கைகால் நடுங்கியது. வேலையில்லாத ஒரு தமிழ்ப் பிள்ளை, காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவன், விலை கேட்கவில்லை. நான் சட்டத்தைப் பார்த்தேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இரவு பத்து மணிக்கு அவன் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். சுற்றிவளைக்காமல், "தம்பி, சாகவேண்டும் என்று நினைக்கிறாயா?" என்று கேட்டேன். இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பை நாமே உண்டாக்கிவிடுவோம் என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். அது உண்மையல்ல. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான். பிறகு அழுதான். அங்கிருந்தே 988 என்ற எண்ணை இருவரும் சேர்ந்து அழைத்தோம். மறுநாள் மருத்துவரிடம் போனோம். வாலிபர் குழுவிலிருந்து ஒரு சகோதரன் ஆறு வாரம் அவனோடு தங்கினான். இந்தத் தேசத்தில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொள்ளுகிறவர்கள். நான் வாசலிலே வரும் அந்நியனுக்கு அஞ்சி வாங்கினேன். ஆபத்து என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தது.

அதன்பின் யாத்திராகமம் 21-ஐ வாசித்தேன். முட்டுகிற மாட்டைப்பற்றிய பிரமாணம் அங்கே இருக்கிறது. நாம் அதைப் பிரசங்கிப்பதேயில்லை. ஒருவனுடைய மாடு அயலானுடைய மாட்டை முட்டிக் கொன்றால், உயிரோடிருக்கும் மாட்டை விற்று, விலையை இருவரும் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். ஆனால் அது முட்டுகிற மாடு என்று முன்னமே தெரிந்திருந்தும் அதைக் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், மாட்டுக்கு மாடு கொடுக்கவேண்டும். கவனியுங்கள், முதல் இடத்தில் விற்பனை உண்டு. இரண்டாம் இடத்தில் விற்பனையைப்பற்றிப் பேச்சே இல்லை. இதன்மேல் ஒரு உபதேசத்தைக் கட்டிவிடக்கூடாது என்பது எனக்குத் தெரியும். இறையியல் கல்லூரியில் என் ஆசிரியர்கள் இதற்கு மதிப்பெண் குறைத்திருப்பார்கள். ஆனாலும் அந்த மௌனம் என்னை விடவில்லை. என் மாடு என்ன செய்யக்கூடும் என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டதே.

உரிமம் பெற்ற வணிகரிடம் விற்றால் வாங்குகிறவருக்குச் சோதனை உண்டு. அது நியாயமான வழி. அப்படி விற்ற சகோதரர்களை நான் குறைசொல்லவில்லை. வாசலில் நிற்கும் நம் இரண்டு சகோதரர்களையும் குறைசொல்லவில்லை. அவர்களுடைய கைகள் பழகியவை. அவர்கள் காவலில் நாம் நிம்மதியாகத் திருவிருந்து எடுக்கிறோம். ஆனால் அந்தச் சோதனை பதிவேடுகளைத்தான் பார்க்கும். நொறுங்கிய இருதயம் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை.

சில மாதங்கள் கழித்து, புது ஊரில் வேலை கிடைத்த அந்தத் தம்பி தொலைபேசியில் பேசினான். தயங்கித் தயங்கி, "ஐயா, அதை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டான். இன்னும் இருக்கிறது என்றேன். "யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

பரிசு கொடுத்த அண்ணனிடம் போவதுதான் கடினமாயிருந்தது. நான் சொல்லி முடித்ததும், "நான் கொடுத்தது உங்கள் உயிருக்காக, பாஸ்டர்" என்றார். இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் வாரம் அவரே அழைத்து, "வெட்டும்போது நானும் வருகிறேன்" என்றார்.

துப்பாக்கிகளை வெட்டித் தோட்டக் கருவிகளாக அடித்துக் கொடுக்கும் 'ரா டூல்ஸ்' என்னும் கிறிஸ்தவ ஊழியம் ஒன்று கொலராடோவில் இருக்கிறது. ஏசாயா கண்ட தரிசனத்தை இப்படி நிறைவேற்றலாம் என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் என்னுடையதில் பாதி பிளாஸ்டிக். மிச்சமுள்ள இரும்பில் ஒரு களைக்கொத்துகூடச் சரியாக வராது. ஆகவே உலோகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு சகோதரரிடம் போனோம். மறுபடியும் பயன்படாதபடி எந்தெந்த இடத்தில் வெட்டவேண்டும் என்று கூட்டாட்சி அலுவலகம் சொல்லியிருக்கிறதோ, அவ்வாறே வெட்டினார். வெட்டுமுன் அண்ணன் அதை வாங்கி, உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்தார். அவர் கையில் அது எவ்வளவு இயல்பாக உட்கார்ந்தது என்பதைக் கவனித்தேன். வேலை முடிய இருபது நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பும் வழியில் இருவரும் தேநீர் குடித்தோம். 400 டாலர் போயிற்றே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

பெட்டகம் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. உங்களில் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் உண்டு என்று அறிவேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இது கடினமான காலமாயிருந்தால், வேலை போயிருந்தால், யாராவது தூக்கமில்லாமல் அலைந்துகொண்டிருந்தால், அது உங்களுக்கே நேர்ந்திருந்தால், அதைக் கொஞ்ச நாள் என்னிடம் கொண்டுவந்து வையுங்கள். தோட்டாவை எடுத்துவிட்டு, பெட்டியில் பூட்டிக் கொண்டுவாருங்கள். வாங்கிக்கொள்ள அண்ணனும் என்னோடு இருப்பார். எத்தனை மணிக்கு வந்தாலும் கதவைத் திறப்பேன். நீங்களாகச் சொன்னாலொழிய, ஏன் என்று கேட்கமாட்டேன்.