வீடே பள்ளியாயின்

பள்ளிப் படிப்பு முற்றுப்பெறுதல் என்பது அதன் வாயிலைக் கடந்து வெளியேறுதலாம். வீடே பள்ளியாயின் அவ்வாயில் யாது? ஐக்கிய அமெரிக்காவில் ஜோன் ஹோல்ட் 1977 இல் வீட்டுக் கல்விக்கெனச் சஞ்சிகையொன்றைத் தொடங்கினார். 1993 அளவில் ஐம்பது மாநிலங்களிலும் அக்கல்வி சட்டத்தின் ஏற்பைப் பெற்றது. பல மாநிலங்களில் நிறைவுச் சான்றிதழிற் கையொப்பமிடுவோர் பெற்றோரே. குடும்பங்கள் பல ஒன்றுகூடி விழா எடுப்பதும் உண்டு. மாலைப்பொழுதில் உணவகமொன்றுக்குச் சென்று மகிழ்வதோடு அமைவோரும் உளர்.

இதனை வெறும் விருந்தென ஒதுக்கிவிடலாகாது. ஆண்டுக்கணக்காக உணவும் பாடமும் மாறிமாறி இடம்பெற்ற மேசை அன்று வெறுமையாய்க் கிடக்கின்றது. பெரும்பாலும் சமைத்தவளே கற்பித்தவளுமாவாள். அன்று அவளுக்குப் பிறரொருவர் பரிமாறுகின்றார். தாயென்று மட்டுமே அழைத்து வந்த பிள்ளை, ஆசிரியையென எண்ணி அவளுக்கு நன்றி கூறுகின்றது. ஏனைய ஆசிரியர்க்கு அடுத்த ஆண்டும் மாணவர் வருவர். அவளுக்கோ கடைசிப் பிள்ளையுடன் வகுப்பே கலைந்துவிடுகின்றது. ஆதலின் அம்மகிழ்ச்சியுள் ஒரு பிரிவுத் துயரும் உறைகின்றது. கதவைச் சாத்திவிட்டுக் குடும்பத்தோடு தெருவில் இறங்கும் அக்கணமே அப்பிள்ளை பள்ளியை நீங்குங் கணம். இரவில் அவர்கள் திரும்பி வருமிடம் வீடு மாத்திரமே.