கரையேறும் படகு

பாண்டி நாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் 14-இனுள் ஒன்றாகிய திருச்சுழியலைச் சூழ்ந்த நாடு நீர்வளம் குன்றிய நாடு. பிரளய வெள்ளத்தை இறைவன் சூலத்தாற் குத்திப் பூமியினுள்ளே சுழித்திறங்கச் செய்தமையால் அவ்வூர்க்கு அப்பெயர் போந்ததென்பது தலவரலாறு. அன்று இறங்கிய நீர் மீளவேயில்லையோ என ஐயுறும்படி, குண்டாறு ஆண்டிற் பல திங்கள் வெறுமணலாய்க் கிடக்கும். கண்மாய்களிற் சீமைக்கருவேல் தழைக்கும். கோடையில் அருப்புக்கோட்டைத் தெருக்களில், டிராக்டர் இழுத்துவரும் தண்ணீர்த் தொட்டியை எதிர்நோக்கிக் குடங்கள் நிரைநிரையாய் நிற்கும்.

அத்தகைய தொட்டிவண்டியைப் பல்லாண்டு ஓட்டிய அன்பர் ஒருவர், பிழைப்பின்பொருட்டுத் தூத்துக்குடி சென்று, சிறிய மோட்டார் படகு வைத்துத் தொழில் நடத்துவார் ஒருவரிடம் வேலைக்கமர்ந்தார். மாலைதோறும் படகைக் கடலினின்றும் டிரெயிலரில் ஏற்றிக் கொணர்தல் அவர் பணி. கடலை அதற்குமுன் இரண்டொரு முறையே கண்டவர் அவர். ஆயினும் டிரெயிலரைப் பின்னோக்கிச் செலுத்துவதில் அவருக்கு நிகராவார் அத்துறையில் ஒருவருமிலர். இருசக்கரத் தொட்டியைக் குறுந்தெருக்களிற் பின்வாங்கிப் பழகிய கையாதலின், தலை வலம் திரும்பின் வால் இடம் செல்லுமென்பதை அக்கை தானே அறிந்திருந்தது.

முதல்நாள் அவர் செய்த பிழை வேறு. வண்டி உப்புநீரிற் கெடுமென்றஞ்சி, சக்கரம் சிறிதே நனையுமாறு நிறுத்திவிட்டு, படகின் மூக்கிற் கயிற்றை மாட்டி வின்ச்சைச் சுழற்றலானார். படகின் அடி சரிவிற் கரகரவென்று உராய்ந்தது. கயிறு நாணேற்றிய வில்லெனத் தெறித்துநின்றது. படகோ டிரெயிலரின் உருளையை விட்டு நழுவி ஒருபுறம் சாய்ந்தது. அருகில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதிய மீனவர், “தம்பி, நீ ஏன் இழுத்து மாய்கிறாய்? தூக்குவதற்குத் தண்ணீர் இருக்கிறதே!” என்றார்.

“அண்ணாச்சி, எங்கள் ஊரில் தண்ணீரை நாங்கள்தாம் தூக்குவோம்” என்றார் அன்பர்.

அப்பெரியவரே பின்னர் முறையைக் கற்பித்தார். சக்கரம் பெரும்பாலும் மறையுமளவு டிரெயிலரை இறக்கவேண்டும். மிக இறக்கினாற் படகு மிதந்தலைந்து, கரையேறும்பொழுது கோணலாய் அமரும். இயந்திரத்தை நிறுத்தி மேல்நோக்கித் தூக்கிவிடல் வேண்டும். இன்றேல் அதன் விசிறி தரையில் மோதும். கயிற்றோடு சங்கிலியும் பூட்டியபின்னரே வண்டி நகரவேண்டும்; அப்பொழுது படகின் பின்னே எவரும் நிற்றலாகாது. பாசியிற் சக்கரம் வழுக்குமென்று மட்டும் அவர் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய்ப் படித்துறையில் வழுக்கிவிழாத சிறுவன் அவ்வறட்சி நாட்டிலும் இல்லை. வீடு சேர்ந்ததும் சக்கரங்களை நன்னீராற் கழுவுதல் வேண்டும். குடக்கணக்கில் நீர் விற்றவருக்கு இஃதொன்றே மனம் ஒவ்வாத வேலையாயிருந்தது.

2023 ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களிற் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒருநாளளவில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர்; அப்பக்கத்தில் ஓராண்டு முழுதும் பெய்வதினும் மிகுதி. தாமிரபரணிக் கரையூர்கள் நீருள் ஆழ்ந்தன. 2018 இற் கேரளத்து மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாடு புகுந்து பல்லாயிரவரை மீட்டமை யாவரும் அறிந்தது. அதனை எண்ணிப் போலும், உடையவர் படகைத் தந்தார். அன்பரும் முதியவரும் அதனை இழுத்துச் சென்றனர்.

அங்கே துறையுமில்லை, கட்டிய சரிவுமில்லை. சாலை வெள்ளத்துட் புகுந்த இடமே துறையாயிற்று. கலங்கல் நீரிற் சாலையின் விளிம்பு தோன்றாமையால், முதியவர் கழியூன்றி ஆழம் பார்த்து முன்னே நடக்க, இருமருங்கு மரங்களையே குறியாகக் கொண்டு அன்பர் வண்டியைப் பின்வாங்கினார். பகலெல்லாம் குழந்தைகளும் நோயாளரும் வந்திறங்கினர். இறுதி முறை வந்தவர் இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டி ஒருவர். அவரை நீரில் இறக்கித் தூக்கிவர வழியில்லை. ஆளிருக்கப் படகை ஏற்றுதல் கூடாதென்பது விதி. முதியவர் அன்பரை நோக்கினார். அன்பர் வாய்பேசாது டிரெயிலரை வழக்கத்தினும் ஒரு சாண் கூடுதலாய் இறக்கினார். இருபுறமும் மார்பளவு நீரில் நின்றோர் படகை நேராகப் பிடித்துக்கொள்ள, அது தானே மிதந்து வந்து இருக்கையில் அமர்ந்தது. சங்கிலி பூட்டியபின், நீர்த்தொட்டி தளும்பாமல் தெருவேறும் நடையில் வண்டி மெல்ல நகர்ந்தது. மூதாட்டி முனகவில்லை.

உலர்ந்த சாலை சேர்ந்து, அவரை மருத்துவ வண்டியிற் சேர்த்தபின், அன்பர் படகின் பின்னடியிலிருந்த அடைப்பைக் கழற்றினார். உள்ளே நின்ற மழைநீர் துளையருகே சுழித்துச் சுழித்து இறங்கித் தார்ச்சாலையிற் பரந்தது. அது முற்றும் வடியும்வரை அவர் அங்கேயே நின்றார்.